சக்கர நாற்காலியில் திறந்தவெளி இசைவிழாவுக்குப் போகலாமா?

கேள்வி இது: "தண்டுவடத்தில் அடிபட்டு இரண்டு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். கையால் தள்ளும் நாற்காலி. மூன்று நாள் திறந்தவெளி இசைவிழா ஒன்றுக்கு நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். எதுவானாலும் தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்கிறார்கள். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். போகலாமா? போனால் எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்?"

போகலாம். தாராளமாகப் போகலாம். நானும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பல விழாக்களுக்குப் போனவன். ஏற்பாட்டாளர்களோடு உட்கார்ந்து மைதான வரைபடத்தில் பாதை குறித்துக் கொடுத்ததும் உண்டு. அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது, நண்பர்கள் தூக்குவார்கள் என்பதை நம்பி டிக்கெட் வாங்காதீர்கள். அவர்கள் அன்பில் குறையில்லை. ஆனால் ஓர் ஆளை நாற்காலியோடு ஈரப் புல்லில், இருட்டில், கூட்டத்துக்கு நடுவே தூக்குவது ஒரு தடவை நடக்கும், ஒரே நாளில் பத்துத் தடவை நடக்காது. கழிப்பறைக்கு ஒரு தடவை, சாப்பாட்டுக்கு ஒரு தடவை, அடுத்த மேடைக்கு ஒரு தடவை என்று போனால் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் முதுகு விட்டுப்போகும். அப்புறம் நீங்களே "பரவாயில்லை, நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். இன்னொன்று, தண்டுவடக் காயத்துக்குப் பிறகு கால் எலும்புகள் பலவீனமாகிவிடும். தவறிக் கீழே போட்டால் எளிதில் முறியும், முறிந்தது உடனே தெரியவும் தெரியாது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். "மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்கிறது" என்று ஒரு வரி வரும். அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. வண்டி இறக்கிவிடும் இடத்திலிருந்து நுழைவாயில் எத்தனை மீட்டர்? அங்கிருந்து பெரிய மேடை எத்தனை மீட்டர்? வழியெல்லாம் என்ன தரை? மழை வந்தால் அதன் மேல் என்ன விரிப்பார்கள்? சக்கர நாற்காலிக் கழிப்பறை எத்தனை, எங்கெங்கே? நாற்காலியில் இருப்பவர்கள் ஏறி நின்று கச்சேரி பார்க்கும் உயரமான பார்வை மேடை எல்லா மேடைகளுக்கும் உண்டா, பெரிய மேடைக்கு மட்டுமா? இப்படி எண்ணும் அளவுமாகக் கேளுங்கள். "வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் சொன்னால் அவர்கள் இன்னும் யோசிக்கவே இல்லை என்று அர்த்தம். மறுபடி கேளுங்கள். அப்போதும் அளவு வரவில்லை என்றால் வேறு விழா பாருங்கள் என்பேன்.

கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவே கலை, பண்பாடு, பொழுதுபோக்கில் சமமாகப் பங்கெடுக்கும் உரிமையைப் பற்றியதுதான். நடைமுறையிலும் இது புதிய விஷயமில்லை. பிரிட்டனில் 'ஆட்டிட்யூட் இஸ் எவ்ரிதிங்' என்ற அமைப்பு 2000-இலிருந்து இசை அரங்குகளையும் விழாக்களையும் இதற்குத் தயார்படுத்துவதையே வேலையாகச் செய்துவருகிறது. அதே பிரிட்டனின் கிளாஸ்டன்பரி இசைவிழா ஒரு பண்ணை நிலத்தில், சேற்றுக்குப் பேர்போன இடத்தில் நடக்கிறது. அங்கேயே பார்வை மேடைகளும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனி முகாமும் இருக்கின்றன. வயல்வெளியில் முடியாது என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம்.

இனி தரைக்கு வருகிறேன். உங்கள் விழா எப்படி இருக்கும் என்பதில் பாதியைத் தீர்மானிப்பது அதுதான். கைநாற்காலியில் பெரிய பின்சக்கரங்களால் பிரச்சினை இல்லை, முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்கள்தான் சிக்கல். உடல் எடையில் ஒரு பங்கு அந்தச் சின்ன வட்டத்தின் மேல் இறங்குவதால் மெத்தென்ற மண்ணில் அது குத்திக்கொண்டு நிற்கும். நீங்கள் பின்சக்கரத்தைத் தள்ளத் தள்ள முன்சக்கரம் இன்னும் ஆழமாகப் புதையும், ஒரு கட்டத்தில் நாற்காலி நின்றுபோய் நீங்கள் மட்டும் முன்னால் சரிவீர்கள். இதற்கு மூன்று வழி உண்டு. பின்சக்கரத்தில் நின்று முன்சக்கரத்தைத் தூக்கியபடி ஓட்டத் தெரிந்தால் சின்னச் சின்ன இடங்களை அப்படியே கடக்கலாம். கால்தாங்கியில் பூட்டிக்கொள்ளும் ஒற்றைப் பெரிய முன்சக்கரம் கிடைக்கிறது. அதை மாட்டினால் சின்னச் சக்கரங்கள் இரண்டும் தரையைவிட்டு எழும்பிவிடும், புல்லும் சரளையும் பெரிய விஷயமாக இருக்காது. விழாக்களுக்கு அடிக்கடி போகப் போகிறீர்கள் என்றால் வேறு எதற்கும் முன்னால் அதை வாங்குங்கள். மூன்றாவது, நண்பர்கள் நிஜமாகவே உதவக்கூடிய இடம்: சேற்றில் உங்களை முன்னோக்கித் தள்ளாமல், நாற்காலியைத் திருப்பிப் பின்னோக்கி இழுக்கச் சொல்லுங்கள். பெரிய சக்கரம் முதலில் போவதால் இது பல மடங்கு சுலபம். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு புல்வெளியில் முன்கூட்டியே பழகிவிடுங்கள்.

டயருக்கு முரடான பட்டை உள்ளதாகவும் கொஞ்சம் அகலமானதாகவும் போடலாம். காற்றைக் கொஞ்சம் குறைத்தால் மண்ணில் பிடிப்பு கூடும். ஆனால் கைநாற்காலியின் பிரேக் பெரும்பாலும் டயரை அழுத்தித்தான் பிடிக்கிறது. காற்று குறைந்தால் பிரேக்கும் தளர்ந்துவிடும். எனவே காற்றைக் குறைத்தவுடன் ஒரு சரிவில் நிறுத்திச் சோதித்துப் பாருங்கள். சரிவைக் குறுக்காகக் கடக்காதீர்கள். நாற்காலி தாழ்ந்த பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும், ஒரு கையால் மட்டும் தள்ளித் தள்ளித் தோள் வீணாகும். நேராக ஏறி நேராக இறங்குங்கள். பையை நாற்காலியின் பின்னால் தொங்கவிடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. நண்பர்களும் தங்கள் ஜாக்கெட், தண்ணீர் பாட்டில் என்று அங்கேயே மாட்டுவார்கள். ஏற்றத்தில் அந்த எடைதான் உங்களை மல்லாக்கக் கவிழ்க்கும். கனமானதை இருக்கைக்கு அடியில் கட்டுங்கள். மாற்று டியூப், பம்ப், உங்கள் நாற்காலிக்குப் பொருந்தும் அலன் கீ (அறுகோணத் திருகுசாவி) இந்த மூன்றும் கையில் இருக்கட்டும். கூடாரத்து முளைகளும் உடைந்த துண்டுகளும் கிடக்கிற மைதானத்தில் பஞ்சர் ஆவது சகஜம்.

மழைக்கு ஒரு எல்லை உண்டு என்பதையும் மனதில் வையுங்கள். 2023-இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் மழையும் சேறும் சேர்ந்து, வந்துகொண்டிருந்த ரசிகர்களைப் பாதியில் நிறுத்தி உள்ளே விடாமலே திருப்பியனுப்ப வேண்டியதாயிற்று. நடக்க முடிந்தவர்களுக்கே அந்த நிலை. ஆகவே அளவுக்கு மீறிய மழை வந்தால் டிக்கெட் பணம் திரும்ப வருமா என்பதும் உங்கள் கேள்விகளில் ஒன்றாக இருக்கட்டும்.

இதைப் படிக்கும் எலெக்ட்ரிக் நாற்காலிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. புல்லிலும் ஏற்றத்திலும் பேட்டரி வீட்டுத் தரையில் வருகிற தூரம் வராது, நன்றாகவே குறையும். சார்ஜ் ஏற்ற இடம் எங்கே, இரவு முழுவதும் செருகி வைக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜாய்ஸ்டிக்குக்கு மழை உறை அவசியம். நாற்காலி சிக்கிக்கொண்டால் மோட்டாரை விடுவித்துக் கையால் தள்ளும் நெம்பு எங்கே என்று கூட வருபவருக்குக் காட்டிவையுங்கள். அந்த நிலையில் பிரேக்கும் சேர்ந்தே விடுபட்டுவிடும் என்பதையும் சொல்லுங்கள். சரிவில் நின்றுகொண்டு அந்த நெம்பைத் தொடக் கூடாது.

பார்வை மேடையைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாற்காலியில் இருப்பவரின் கண்மட்டம் தரையிலிருந்து சுமார் 115, 120 செ.மீ. முன்னால் நிற்பவரின் தலை 170 செ.மீ.க்கும் மேலே போகும். ஆக அந்த மேடை அரை மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தால்தான் உங்களுக்குப் பாடகரின் முகம் தெரியும், இல்லாவிட்டால் முன்னால் நிற்பவர்களின் முதுகுதான். 60 செ.மீ. உயர மேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட சரிவு. அந்தக் கணக்குப்படி சாய்தளம் 7.2 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். அந்த விழாவின் போன வருடப் படத்தில் இரண்டு மீட்டர்ப் பலகை சாய்த்திருந்தால் யாராவது பின்னாலிருந்து தள்ளாமல் ஏற முடியாது. இன்னொன்றையும் பாருங்கள்: பாதுகாப்புக்காகப் பார்வை மேடையின் முன்னால் போடும் கம்பியின் மேல்விளிம்பு பல இடங்களில் சரியாக நம் கண்ணுக்கு நேராக வந்து நிற்கும். இரண்டு மணி நேரம் ஒரு கம்பியின் வழியே கச்சேரி பார்ப்பது கொடுமை. இதை முன்கூட்டியே சொன்னால் சரிசெய்வது கஷ்டமில்லை, விழா அன்று சொன்னால் நடக்காது.

பொதுவாகப் பார்வை மேடையில் உங்களோடு ஒருவரைத்தான் விடுவார்கள். நால்வராகப் போய் இருவர் கீழே நிற்க வேண்டியிருக்கும். நண்பர்களிடம் இதை முன்னாலேயே பேசி, ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒருவர் மாறி மாறி வரட்டும். ஒருவரே மூன்று நாளும் உங்கள் பக்கத்தில் கட்டுண்டு கிடந்தால் நட்புக்கும் நல்லதில்லை. கூட வருபவருக்கு இலவச டிக்கெட் தரும் விழாக்கள் நிறைய இருக்கின்றன, அதற்குச் சான்று கேட்பார்கள். விண்ணப்பிக்கும் கடைசித் தேதியைத் தவறவிடாமல் சீக்கிரம் விண்ணப்பியுங்கள்.

மேடையிலேயே முழு நேரமும் இருக்க வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. கூட்டத்துக்குள் இருப்பதில்தான் பாதிச் சுகம் என்று நினைப்பவன் நான். போகலாம், நடுவில் வேண்டாம். ஓரமாக, வெளியேறும் பாதை கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பாருங்கள். சக்கர நாற்காலியின் உயரத்தில் ஓசையும் மாறிவிடும். சுற்றி நிற்கும் உடல்கள் உச்ச ஸ்தாயியை விழுங்கிவிடுவதால் டிரம்ஸும் பேஸும் மட்டும் நெஞ்சில் இடிக்கும், பாட்டின் வரி காதில் விழாது. ஓரத்தில் கொஞ்சம் பின்தள்ளி இருந்தால் இது தெளிவாகும். காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். 100 டெசிபலில் பாதுகாப்பாக இருக்கக்கூடிய நேரம் 15 நிமிடம் என்பது கணக்கு. இருட்டில் பின்னால் நடந்து வருபவருக்கு உங்கள் தலை தெரியாது, மேலே வந்து விழுவார். நாற்காலியின் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு, முன்னால் கால்தாங்கியில் ஒரு சின்ன விளக்கு கட்டிவிடுங்கள்.

உடம்பைப் பற்றி இப்போது. காயம் எந்த மட்டத்தில் என்று நீங்கள் எழுதவில்லை. நெஞ்சுப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ இருந்தால், அடுத்த வரிகளை உங்கள் நண்பர்களையும் படிக்கச் சொல்லுங்கள். சிறுநீர்ப்பை நிறைந்துவிட்டது, சிறுநீர்க் குழாய் மடங்கிவிட்டது, இடுப்புப் பட்டை இறுக்குகிறது என்பது போன்ற சின்னக் காரணத்தாலேயே ரத்த அழுத்தம் திடீரென ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும், முகமும் கழுத்தும் சிவக்கும், காயத்துக்கு மேலே மட்டும் வியர்க்கும். வெயில் மயக்கம் என்று நினைத்து முதலுதவிக் கூடாரத்தில் உங்களைப் படுக்க வைத்துக் காலைத் தூக்குவார்கள். அது நேர் எதிரான சிகிச்சை. நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், துணியைத் தளர்த்த வேண்டும், சிறுநீர்க் குழாயைச் சரிபார்த்து வெளியேற்ற வேண்டும், உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இதை ஒரு அட்டையில் எழுதிக் கழுத்து டிக்கெட்டோடு சேர்த்து மாட்டிக்கொள்ளுங்கள். வரும் முதலுதவிக்காரர் இப்படி ஒன்றைப் பார்த்திராதவராக இருக்கலாம். விழாவுக்குப் போகும் முன் உங்கள் மருத்துவரிடம் இது உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் அட்டையைக் காட்டுங்கள். அவர்கள் பயத்தில் பாதி, அவசரத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாமல் போய்விடுமே என்பதுதான்.

வெயிலும் அப்படியே. காயத்துக்குக் கீழே வியர்க்காததால் உடம்புக்குத் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளத் தெரியாது. தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஒன்றை மடியில் வைத்து முகத்திலும் கையிலும் கழுத்திலும் தெளித்துக்கொண்டே இருங்கள், ஈரத்துண்டு கழுத்தில் கிடக்கட்டும். மதியம் ஒரு மணி முதல் மூன்று மணி வரை நிழலுக்கு ஒதுங்குவதை ஒரு நிகழ்ச்சியாகவே அட்டவணையில் எழுதிவிடுங்கள். வெயிலில் நின்ற நாற்காலியின் இரும்பும், மடியில் வைத்த சூடான காபியும் தோலைச் சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது. இரவில் கால் குளிர்ந்து விறைப்பதும் தெரியாது, ஆகவே வெயில் நாளானாலும் ஒரு கம்பளி வேண்டும். மழைக்கோட்டு குட்டையாக இருக்கட்டும், நீளமானது சக்கரத்தில் சிக்கும்.

கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்களை ஒவ்வொரு விழாவிலும் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் சிறுநீர்த் தொற்று வரும், மேலே சொன்ன ஆபத்தும் வரும். நன்றாகக் குடியுங்கள், முட்டும்வரை காத்திருக்காமல் நேரம் பார்த்துப் போங்கள். ஒரு பெரிய கச்சேரி முடிந்த நிமிடத்தில் போகாமல், தொடங்கிப் பத்து நிமிடம் கழித்துப் போனால் வரிசை இருக்காது. முதல் நாள் வந்தவுடனேயே ஒரு கழிப்பறைக்குள் நாற்காலியோடு போய்த் திரும்பிப் பாருங்கள். வாசலில் படி இருக்கும், கதவு உள்பக்கம் திறக்கும், சாமான் வைத்து அடைத்திருப்பார்கள். பகலில் பார்த்தால் சரிசெய்யச் சொல்லலாம். கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடுபவராக இருந்தால் ஒரு விஷயம்: சேற்றில் உருட்டிய சக்கர விளிம்பைப் பிடித்த கை அது. அழுக்கு ஒட்டிய கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. முதலில் ஈரத்துணியால் துடைத்து, முடிந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, அதற்குப் பிறகு சானிடைசர். தள்ளும்போது கையுறை போட்டிருந்தால் வேலை பாதியாகக் குறையும். தலையில் மாட்டும் டார்ச் வேண்டும். அந்தக் கழிப்பறைகளில் பல இடத்தில் விளக்கே இருக்காது.

பஞ்சு குஷன் நனைந்தால் எளிதில் காயாது. ஈரக் குஷனில் நாள் முழுவதும் உட்கார்ந்தால் தோல் ஊறிப் புண்ணாகும், மேடு பள்ளத்தில் அதிர்வும் சேரும். நீர் புகாத உறை போடுங்கள், மாற்று உறை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் ஒரு தடவை முன்னால் சாய்ந்து எடையை மாற்றுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இரவில் கண்ணாடியோடு தோலைப் பாருங்கள். அழுத்தியும் வெளுக்காத சிவப்பு இருந்தால் அது அழுத்தப் புண்ணின் தொடக்கம், அடுத்த நாள் விழா உங்களுக்கு இல்லை. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒரு நாள் கச்சேரிக்காகப் பல மாதம் கவிழ்ந்து படுத்துக் கிடந்தவர்கள் உண்டு.

தங்குவதைப் பொறுத்தவரை, முதல் தடவை கூடாரம் வேண்டாம் என்பது என் கருத்து. பக்கத்தில் சரியான குளியலறை உள்ள ஒரு அறை எடுத்து, பகலில் போய் இரவில் திரும்புங்கள். இல்லை, கூடாரத்தில்தான் தங்குவேன் என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான முகாமில் இடம் கேளுங்கள். தரையில் மெத்தை போட்டால் காலையில் நாற்காலிக்கு ஏறுவது பெரும்பாடு. இருக்கையின் உயரமே உள்ள மடக்குக் கட்டில் வேண்டும், நாற்காலி உள்ளே வருகிற அளவுக்கு வாசல் வேண்டும். இரவில் நாற்காலி வெளியே நிற்கக் கூடாது, பனியில் குஷன் நனைந்துவிடும், யாராவது விளையாட்டுக்கு எடுத்துக்கொண்டும் போவார்கள்.

கடைசிக் கச்சேரி முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறும் அந்த அரை மணி நேரம்தான் மூன்று நாளிலும் மோசமான நேரம். எல்லோர் கண்ணும் போனில் இருக்கும், காலடியில் யார் என்று பார்க்க மாட்டார்கள். கேபிள் மூடிய மேடுகள் இருட்டில் தெரியாது, முன்சக்கரம் அதில் இடித்தால் முகம் குப்புற விழுவீர்கள். ஒன்று, கடைசி இரண்டு பாட்டை விட்டுவிட்டுக் கிளம்புங்கள். அல்லது கூட்டம் கலையும்வரை பார்வை மேடையிலேயே நாற்பது நிமிடம் இருந்துவிடுங்கள். நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன், பாட்டை விட மனசு வராது. எப்படியானாலும் வண்டிக்காரரிடம் நேரத்தையும் இடத்தையும் முன்பே பேசிவிடுங்கள். அவசர வெளியேற்றம் வந்தால் மேடையில் இருப்பவர்களை யார், எந்த வழியாகக் கொண்டுபோவார்கள் என்று மேடைப் பொறுப்பாளரிடம் முதல் நாளே கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியவில்லை என்றால் தெரிந்தவரைக் கூட்டிவரச் சொல்லுங்கள்.

நண்பர்களுக்கு ஒரே ஒரு விதி போதும்: உங்களைக் கேட்காமல் நாற்காலியைத் தொடக் கூடாது. உற்சாகத்தில் பின்னாலிருந்து திடீரென்று தள்ளும்போதுதான் விரல் சக்கரத்தில் மாட்டும். முன்பின் தெரியாதவர்களும் வந்து தள்ள முனைவார்கள். "வேண்டாம், நன்றி" என்று சத்தமாகச் சொல்லத் தயங்காதீர்கள்.

மூன்று நாள் டிக்கெட்டுக்குப் பதில் ஒரு நாளுக்கு மட்டும் வாங்க வழியிருந்தால் முதல் வருடம் அப்படியே செய்யுங்கள். எந்த நாள் என்றால் நடு நாள். முதல் நாள் குழப்பங்கள் அதற்குள் ஓய்ந்திருக்கும், கழிப்பறைகளும் தரையும் கடைசி நாள் அளவுக்குக் கெட்டிருக்காது. திரும்பியதும் முன்சக்கர அச்சில் சுற்றிய புல்லையும் முடியையும் எடுத்து, பேரிங்கில் மணல் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏற்பாட்டாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். "வசதி போதவில்லை" என்று எழுதினால் அடுத்த வருடமும் அதேதான் இருக்கும். "இரண்டாம் மேடைக்குப் போகும் வழியில் கடைசி 30 மீட்டரில் பலகை இல்லை" என்று எழுதுங்கள், படமும் சேர்த்து அனுப்புங்கள்.